நான்காம் குழாயில் வெயில்

தரைக்கு இருபத்தைந்து அடி கீழே இருக்கும் தண்ணீருக்கு மணி என்ன என்று தெரியக் கூடாது. நான்காம் எண் குழாயின் தண்ணீருக்குத் தெரிந்திருந்தது. தினமும் மாலை நாலரை மணி வாக்கில் அது ஒன்றரை டிகிரி சூடாகி, விடிவதற்குள் பழையபடி ஆறிவிடும். ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

இதில் என்ன விநோதம் என்று சொல்லிவிடுகிறேன். மண் வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். சித்திரை வெயிலில் வெறுங்காலை வைக்க முடியாத தரையை முழங்கை ஆழத்துக்குத் தோண்டிக் கையை விட்டால் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். பகலின் சூடு இரண்டடி இறங்குவதற்குள் இரவு வந்து அதை மேலே இழுத்துக்கொண்டுவிடுகிறது. அதற்கும் கீழே கோடைகாலமும் மழைக்காலமும் லேசாகத் தெரியும். காலை, மாலை தெரியாது. கிணற்றுத் தண்ணீர் விடியற்காலையில் வெதுவெதுப்பாகவும் உச்சிவேளையில் சில்லென்றும் இருப்பதாக நமக்குப் படுகிறதே, அங்கே மாறுவது நம்மைச் சுற்றியுள்ள காற்றுதான். தண்ணீர் அப்படியேதான் இருக்கிறது.

குத்தாலத்துக்குத் தெற்கே ஒரே வாய்க்காலில் பாயும் ஒன்பது வயல்களில், முப்பது அடி ஆழத்துக்கு ஒன்பது பிளாஸ்டிக் குழாய்களை இறக்கியிருந்தேன். ஒவ்வொன்றுக்குள்ளும் கட்டைவிரல் பருமனில் ஓர் எஃகுக் கருவி கம்பியில் தொங்கும். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை அது தண்ணீரின் மட்டத்தையும் சூட்டையும் குறித்துக்கொள்ளும். எட்டுக் குழாய்களில் சூடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருபத்தெட்டு டிகிரியில் நேராக ஓடியது. நான்காம் குழாயில் மட்டும் அலை அடித்தது.

கருவியில் கோளாறு என்று முதலில் நினைத்தேன். மூன்றாம் குழாயின் கருவியை நான்கிலும், நான்கின் கருவியை மூன்றிலும் மாற்றித் தொங்கவிட்டேன். அலை கருவியோடு போகவில்லை. நான்காம் குழாயிலேயே தங்கிவிட்டது. வெயிலில் குழாயின் தலை சுட்டு அந்தச் சூடு இறங்குகிறதோ என்று ஈரச் சாக்கைச் சுற்றி வைத்தேன். அப்போதும் மாறவில்லை. தஞ்சாவூரில் இருந்த என் ஆய்வு வழிகாட்டி பிரகதாம்பாள் மேடத்திடம் அந்த அலையின் வரைபடத்தைக் காட்டினேன். நீ எழுதுவது தண்ணீரின் மட்டத்தைப் பற்றி, சூட்டைப் பற்றி யார் கேட்டார்கள் என்றார். பதிவில் சூடு இருந்த பத்தியையே அழித்துவிடச் சொன்னார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. என் முனைவர் பட்ட ஆய்வு, ஆற்றுத் தண்ணீர் தவறினால் எந்த வயல் எத்தனை நாள் தாங்கும், நிலத்தடி நீர் எவ்வளவு கைகொடுக்கும் என்பது. அதில் நான்காம் குழாய்தான் நட்சத்திரம். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மற்றக் குழாய்களில் மட்டம் ஒரு வாரம் கழித்து மெல்ல ஏறும். நான்கில் மறுநாளே ஏறும். அந்த இடத்து மண் மழையையும் ஆற்றையும் உறிஞ்சிச் சேமிக்கிறது என்று எழுதி, ஒரு கருத்தரங்குக்குச் சுருக்கமும் அனுப்பியாயிற்று. இந்த வருடக் குறுவை, சம்பா என்ற இரண்டு நெல் பருவங்களும் ஒன்பது குழாய்களிலும் முழுதாகப் பதிவானால்தான் ஆய்வேடு நிற்கும். எனக்குக் கொடுத்திருந்த காலநீட்டிப்பு அதோடு முடிகிறது. ஒரு குழாய் போனாலும் ஆய்வு போயிற்று.

நான்காம் குழாய் இருந்த வயல் நெடுமாறனுடையது. ஐம்பது வயதிருக்கும். அந்தத் துண்டு ஒரு மா, அதாவது மூன்றில் ஒரு ஏக்கர். அந்த ஊரில் குழாய் இறக்குவது லேசான காரியம் இல்லை. எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க முன்பு வந்தவர்களும் ஆராய்ச்சி என்றுதான் சொன்னார்களாம். அதனால் தரையில் குழாய் இறக்க வருகிற யாரையும் ஊர் நம்பாது. நான் முதலில் கேட்டது பக்கத்து வயல்காரர் உலகநாதனிடம். வயலில் கால் வைத்தால் காலை எடுத்துவிடுவேன் என்றார். அவர் முடியாது என்ற ஒரே காரணத்துக்காக நெடுமாறன் சரி என்றார். இருவருக்கும் நடுவில் ஒரு வரப்பும் பதினோரு வருடப் பகையும் இருந்தன.

ஜூலை மூன்றாவது வாரம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு நாள் தண்ணீர், ஆறு நாள் அடைப்பு. அடைத்து நான்காம் நாள், வியாழக்கிழமை காலையில், கருவியைப் படிக்கப் போனேன். நெடுமாறன் குழாய்க்குப் பக்கத்தில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் மனைவி கனகா வரப்பில் நின்றார். உலகநாதன் தன் வயலில் களை பறிப்பது போலக் குனிந்து காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்.

நெடுமாறன் என்னைப் பார்த்ததும் கேட்டார். "இந்தக் குழாய எப்ப எடுக்குறீங்க?"

"ஏண்ணே?"

"தண்ணி குடிக்குது."

நான் சிரித்துவிட்டேன். அந்தக் காலையில் நான் செய்த முதல் தவறு அது. இரண்டாவது, விளக்கம் சொல்ல ஆரம்பித்தது. எனக்கு விளக்குவதென்றால் கொள்ளை ஆசை. குழாயின் தலை வயல் தண்ணீருக்கு இரண்டடி மேலே இருக்கிறது, அதில் மூடி இருக்கிறது. பக்கவாட்டில் துளை இருப்பது கடைசி ஆறடியில் மட்டும்தான். நடுவில் இருபத்து நான்கு அடிக்கு முழுக் குழாய், ஊசி நுழைய ஓட்டை கிடையாது. மேலே நிற்கிற தண்ணீர் உள்ளே போக வாசலே இல்லை. ஒரு குச்சியை எடுத்து மண்ணில் படமும் போட்டேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

"நீ சொல்றது எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார். "தண்ணிதான் இல்ல."

அதுவரை 'நீங்க' என்றவர் 'நீ'க்கு வந்திருந்தார்.

உண்மையில் வயலில் தண்ணீர் இல்லை. சேறு தோல் கட்டி, மயிரிழை போல வெடிப்பு ஓட ஆரம்பித்திருந்தது. நட்டு இருபது நாள் ஆன பயிரின் நுனி சுருண்டிருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் உலகநாதன் வயலில் இரண்டு விரல் தண்ணீர் பளபளத்தது. ஒரே நாளில் ஒரே மடையில் வாங்கிய தண்ணீர்.

கனகாதான் அதைச் சொன்னார். "அங்க தவள கத்துது. இங்க வெடிப்பு வுடுது. ஆறு நாளைக்கு நிக்கவேண்டிய தண்ணி மூணே நாளு. போன முறையும் இப்படித்தான், அதுக்கு முந்துன முறையும் இப்படித்தான். போன வருசம் இல்ல. போன வருசம் இந்தக் குழாயும் இல்ல."

பிறகு நடந்ததை அவர்கள் வாயாலேயே தெரிந்துகொண்டேன். முதல் முறை தண்ணீர் போனபோது நெடுமாறன் உலகநாதனைத்தான் பிடித்திருக்கிறார். வரப்பில் துளை போட்டுத் தண்ணீரை இழுக்கிறான் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டாம் முறை கைகலப்பு வரை போயிருக்கிறது. அப்போது உலகநாதன், உன் வயலுக்குள் எவளோ நட்ட குழாயை விட்டுவிட்டு என் வரப்பைத் தடவுகிறாயே என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விதான் இப்போது என் முன்னால் மண்வெட்டியோடு நின்றது.

உலகநாதன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு தன் பங்குக்குச் சொன்னார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே. எண்ணெய்க்காரன் தாடி வச்சுக்கிட்டும் வருவான், முக்காடு போட்டுக்கிட்டும் வருவான்."

"ஏம்மா, உங்க ஊரு அதிராம்பட்டினந்தானே," என்றார் கனகா. "அங்க கடல்ல நெறையத் தண்ணி கெடக்கு. அதப் போயி அளந்துட்டு இருக்கலாம்ல."

நெடுமாறன் கெடு வைத்தார். ஞாயிற்றுக்கிழமை முறைத் தண்ணீர் வரும். அதற்கு முன் நானே குழாயைப் பிடுங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் டிராக்டரில் சங்கிலி மாட்டி அவர் இழுப்பார். இங்கே ஒன்று பிடுங்கினால் மற்ற எட்டும் அன்றைக்கே போகும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

"அண்ணே, ஒரு வாரம்..." என்றேன்.

"அண்ணன்னு கூப்புடாத."

அவர் சொல்வது பொய் என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான் அப்போது என் எண்ணம். அதற்கு என்னிடம் கணக்கு இருந்தது. ஒன்பது வயல்களிலும் சென்டிமீட்டர் குறித்த ஒரு மூங்கில் அளவுகோலை நட்டு வைத்திருந்தேன். தினமும் காலையில் படித்து நோட்டில் எழுதுவேன். எழுதினேனே தவிர அதுவரை கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. குழாயில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது.

குத்தாலத்தில் நான் தங்கியிருந்த அறையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வயலில் நிற்கிற தண்ணீர் மூன்று வழியில் போகும். வெயிலிலும் இலை வழியாகவும் ஆவியாகப் போகலாம். வரப்பு வழியாகப் பக்கவாட்டில் போகலாம். மண்ணுக்குள் கீழே இறங்கலாம். மற்ற எட்டு வயல்கள் ஒவ்வொன்றிலும் மூன்று வழியும் சேர்ந்து ஒரு நாளைக்கு எட்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் கட்டினால் ஆறு நாள் வரும். முறைக்குச் சரியாகப் போதும். நெடுமாறன் வயலில் ஒரு நாளைக்குப் பதினைந்தரை மில்லிமீட்டர். மூன்று நாளில் தரை தெரிந்துவிடும்.

அவர் பொய் சொல்லவில்லை.

ஏழரை மில்லிமீட்டர் என்றால் கைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அதை ஒரு மா நிலத்தின் மேல் பரப்பிப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் லிட்டர். இரவும் பகலும் இரண்டு நிமிடத்துக்கு ஒரு குடம் தண்ணீரை யாரோ மொண்டுகொண்டு போவதற்குச் சமம். அது ஆவியாகப் போயிருக்க முடியாது. இரண்டு வயலுக்கும் ஒரே வெயில். வரப்பு வழியாகப் போயிருந்தால் உலகநாதன் வயலில் குறைவது மற்றவற்றைவிடக் கம்மியாக இருக்க வேண்டும். அங்கே என் அளவுகோல் இல்லை, ஆனால் நான்காம் நாள் நின்ற இரண்டு விரல் தண்ணீர் நாளுக்கு எட்டு என்ற கணக்குக்கே ஒத்துவந்தது. மிச்சம் இருப்பது ஒரே வழி. தண்ணீர் கீழேதான் போயிருக்கிறது.

அன்று காலையில் கருவியிலிருந்து எடுத்து வந்திருந்த புதிய பதிவை அப்போதுதான் கணினியில் திறந்தேன். திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் மாலையில் சூடு ஏறி இறங்கியிருந்தது. வியாழக்கிழமை மாலை அலை இல்லை. கோடு நேராக ஓடியது. பழைய பதிவுகளைத் திறந்து நோட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நெடுமாறன் வயலில் தண்ணீர் நின்ற நாளெல்லாம் அலை இருந்தது. வயல் காய்ந்த நாளெல்லாம் அலை இல்லை. இத்தனை நாளும் நான் ஒரு மாதத்து நாட்களையெல்லாம் சேர்த்து மணிவாரியாகச் சராசரி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படி எடுத்தால் அலை தெரியும், அது எந்த நாளில் இல்லை என்பது தெரியாது.

ஆழமில்லாத வயல் தண்ணீர் பிற்பகல் மூன்று மணிக்கு முப்பத்தேழு டிகிரி வரை சூடாகும். நடவுக்குப் போனவர்களின் காலுக்கு அது தெரியும். அந்தத் தண்ணீர் ஒன்றரை மணி நேரத்தில் என் கருவிக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. மண் வழியாக ஊறி வந்திருந்தால் மாதக்கணக்காகும், வழியிலேயே ஆறியும் போகும். ஊறவில்லை, ஓடியிருக்கிறது. என் குழாய் மண்ணில் எந்த வேகத்தில் தண்ணீர் இறங்குகிறது என்பதை அளக்கவே இல்லை. தான் போட்ட ஓட்டையைத்தான் அளந்துகொண்டிருந்தது.

எந்த ஓட்டை என்று பார்க்கச் சனிக்கிழமை காலையில் தனியாகப் போனேன். வயல் காய்ந்து கிடந்ததால் குழாயின் அடி நன்றாகத் தெரிந்தது. அதைச் சுற்றி மூன்றடி அகலத்தில் ஒரு செங்கல் வளையம். நான் கேட்டபடி நெடுமாறன் வைத்தது. குழாயை டிராக்டரோ மாடோ இடித்துவிடக் கூடாது என்பதற்காக, வளையத்துக்குள் யாரும் மிதிக்கக் கூடாது, உழக் கூடாது என்று ஒன்பது பேரிடமும் சொல்லியிருந்தேன்.

நெல் வயல் தண்ணீரைப் பிடித்து வைப்பது எப்படி என்பதை இங்கே சொல்ல வேண்டும். கோடையில் இந்தக் களிமண் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்த நிலையில் தண்ணீர் விட்டால் வெடிப்பு வழியாக ஓடிவிடும். அதற்குத்தான் சேறடிப்பது. தண்ணீரைக் கட்டி, டிராக்டரின் இரும்புச் சக்கரத்தால் திரும்பத் திரும்ப மிதித்துக் குழப்பும்போது மண்ணின் கட்டிகள் உடைந்து, மாவு போன்ற துகள்கள் வெடிப்புகளில் இறங்கி அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பு இருக்கும்வரை வயல் ஒரு பாத்திரம். நான் அந்தப் பாத்திரத்தின் நடுவில் மூன்றடி அகலத்துக்குச் சேறடிக்கவிடாமல் காவல் போட்டிருந்தேன்.

அதுமட்டும் என்றால்கூட இவ்வளவு தண்ணீர் போயிருக்காது. செங்கல்லை எடுத்துவிட்டுக் கையால் தோண்டினேன். ஒரு சாண் ஆழத்திலேயே பட்டாணி அளவுக் கூழாங்கல் வந்தது. குழாய் இறக்கத் துளை போடும்போது துளை ஆறு அங்குலம், குழாய் மூன்று அங்குலம். நடுவில் உள்ள இடைவெளியில் துளைகள் இருக்கும் அடிப்பகுதிக்கு மட்டும் கூழாங்கல் போட்டு, மேலே களிமண்ணால் அடைக்க வேண்டும். கையாலேயே துளை போடும் கைபோர்க்காரர்கள் மோட்டார் வைக்கிற போருக்குச் செய்கிற வழக்கப்படி மேல்வரை கல்லையே கொட்டியிருக்கிறார்கள். தண்ணீர் எடுக்கிற போருக்கு அது நல்லது. நான் காகிதத்தில் 'கூழாங்கல் நிரப்பவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வயலுக்கு இடம் பார்க்கப் போயிருந்தேன். எதுவரை என்று எழுதவில்லை.

குழாய்க்குள் வாசல் இல்லை என்று குச்சியால் படம் போட்டேனே, அது சரிதான். தண்ணீர் குழாயின் வெளிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கல்லுக்குள் இறங்கி, எட்டடிக் களிமண்ணைத் தாண்டி, ஆற்றுமணலில் போய்க் கலந்தது.

அப்படியானால் மற்ற எட்டு? அவற்றிலும் அதே கல்தான். ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். எங்கேயும் செங்கல் வளையம் இல்லை. ஒருவர் குழாயில் ஆட்டைக் கட்டியிருந்தார். ஒருவர் அதை ஒட்டியே நாற்று நட்டிருந்தார். சேறடித்த டிராக்டர் எல்லா இடத்திலும் குழாயை உரசிக்கொண்டு போயிருந்தது. சேறு கல்லுக்குள் இறங்கி இறுகிவிட்டது. நான் சொன்னதை எட்டுப் பேர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கேட்டவர் ஒருவர்தான்.

மேடத்துக்கு வரப்பிலிருந்தே போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் சொன்னது ஒழுங்காக, வரிசையாக இருந்தது. ஊரில் சொல்லாதே. சொன்னால் ஒன்பதும் போகும். பிடுங்க விடு. ஊர்க்காரர்கள் எதிர்ப்பால் ஒரு குழாய் சேதமானது என்று எழுதினால் காலநீட்டிப்புக்கு அதுவே காரணம் ஆகும்.

"பிடுங்குனா கல்லு அங்கேயேதான் மேடம் இருக்கும்," என்றேன். "குழாய் இருந்த இடமும் சேர்ந்து ஓட்டையாகும். இப்பப் போறதவிட அதிகமாப் போகும். அவருக்குக் குறுவையே இல்லாமப் போயிடும்."

"அது உன் ஆய்வுத் தலைப்புல இல்ல, ஜஸீலா," என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் போனேன். டிராக்டர் வரப்போரம் நின்றது. சங்கிலியை ஏற்கெனவே குழாயின் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வேடிக்கைக்கு நின்றார்கள். என் மற்றக் குழாய்களின் வயல்காரர்களில் ஐந்து பேர் அதில் இருந்தார்கள். தலைமடையில் தண்ணீர் வந்துவிட்டது, மத்தியானத்துக்குள் இங்கே வரும் என்று பேசிக்கொண்டார்கள்.

நான் நேராக நெடுமாறனிடம் போனேன். "நீங்க சொன்னதுதான் சரி. உங்க தண்ணி இந்தக் குழாயாலதான் போச்சு. தப்பு என்னோடது."

கோபம் தணியும் என்று எதிர்பார்த்திருந்தேன் போல. தணியவில்லை. இவ்வளவு நேரம் அவரிடம் இருந்தது சந்தேகம். இப்போது கையில் சாட்சி கிடைத்துவிட்டது. "அன்னைக்குச் சிரிச்சியே," என்றார். டிராக்டர்க்காரரைப் பார்த்துக் கையை அசைத்தார்.

உலகநாதன் குறுக்கே வந்தார். எனக்காக வரவில்லை. "இருடா. அப்ப என் வரப்புல ஓட்டன்னு ஊர் பூரா சொன்னியே, அதுக்கு என்ன சொல்ற? எல்லாரும் இருக்கும்போதே சொல்லு."

அவர்கள் இருவரும் அதைப் பேசி முடிப்பதற்குள் நான் வாய்க்கால் குழியில் தேங்கிக் கிடந்த தண்ணீரை ஒரு குடத்தில் கொண்டுவந்தேன். குழாயைச் சுற்றி முந்தின நாள் தோண்டிய பள்ளத்தில் ஊற்றினேன். பதினைந்து லிட்டர். நுரைத்துச் சுழன்று, தொண்டையில் இறங்குகிற சத்தத்தோடு, எண்ணி முப்பதுக்குள் காணாமல் போனது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பள்ளத்தைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தார்கள்.

குழாயை இழுத்தால் குழாய்தான் வரும், இந்தக் கல் வராது என்று சொன்னேன். பத்தி பத்தியாக விளக்க இந்தத் தடவை எனக்குத் தைரியம் வரவில்லை. கல் எதுவரை இருக்கிறது, சேறடிக்காத வளையம் என்ன செய்தது, மற்ற எட்டு வயலில் ஏன் போகவில்லை என்பதை மட்டும் சொன்னேன். கடைசியில் சொன்னதைக் கேட்டதும் நெடுமாறன் முகம் மாறியது. குழாயை ஒட்டி ஆடு கட்டிய ஆளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ மிதிக்காதன்ன. மிதிக்கல. உள்ள போவாதடான்னு டிராக்டர்க்காரன்கிட்டச் சண்ட போட்டேன். செங்கல் என் வூட்டுச் செங்கலு. ஒன் பேச்சக் கேட்டவன் ஒருத்தன், அவன் வயலக் காய வச்சிருக்க."

ஆமாம் என்றேன்.

"அடைக்க முடியுமா?"

"முடியும். தண்ணி வர்றதுக்குள்ள முடியும்."

"முடியலன்னா சங்கிலி அங்கேயேதான் கெடக்கும். நீயே செய்யி. ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கடப்பாறையால் குழாயைச் சுற்றிக் குத்தி, கையால் கல்லை அள்ளி வெளியே போட்டேன். இரண்டடி ஆழம் போவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மேலே நின்று சிலர் சிரித்தார்கள். டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு வைத்தியம் பார்க்கிறது என்று யாரோ சொன்னார்கள். அதற்கும் சிரித்தார்கள். வாய்க்காலின் அடியில் கிடக்கும் கருங்களிமண்தான் வேண்டும் என்று கூடையோடு போனபோது கனகா என் கையிலிருந்து கூடையைப் பிடுங்கிக்கொண்டார். உதவிக்கு இல்லை. நான் அள்ளுகிற வேகத்தில் தண்ணீர் வந்துவிடும் என்றுதான். மூன்று கூடை கொண்டுவந்து தலைக்கு நேரே கொட்டுவது போல என் பக்கத்தில் கொட்டினார்.

களிமண்ணில் தண்ணீர் தெளித்து ரொட்டி மாவு பதத்துக்குக் குழைத்தேன். ஒரே தடவையில் கொட்டினால் உள்ளே காற்றறை நின்றுவிடும். அதனால் நான்கு விரல் கனத்துக்குப் போட்டு, மிதித்து, அதன் மேல் அடுத்தது. பள்ளத்தில் என் இரண்டு காலுக்கும் குழாய்க்கும் மட்டும்தான் இடம் இருந்தது. குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதித்தேன்.

கனகா வரப்பிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "மிதிக்கிறதா அது? கோலத்த அழிச்சிருவோமோன்னு பயந்த மாதிரி வைக்கிற. குதிகாலப் போடு."

குதிகாலைப் போட்டேன். தரைமட்டம் வந்ததும், வளையம் இருந்த மூன்றடியிலும் தண்ணீர் விட்டு, மண்ணை வெட்டிப் புரட்டி, வெடிப்பு தெரியாத வரைக்கும் மிதித்துச் சேறாக்கினேன். செங்கற்களை வரப்பில் அடுக்கினேன். பதினொன்றரை மணிக்கு மறுபடியும் ஒரு குடம் ஊற்றினேன். தண்ணீர் தேங்கி, கலங்கலாக, அப்படியே நின்றது. நெடுமாறன் குந்தி உட்கார்ந்து அதைக் கால் மணி நேரம் பார்த்தார். எழுந்தவர் சங்கிலியைக் குழாயின் கழுத்திலிருந்து கழற்றவில்லை. டிராக்டரிலிருந்து மட்டும் அவிழ்த்துவிட்டு மடையைத் திறக்கப் போனார்.

அந்த ஆறு நாள் முறையும், அதற்குப் பின் வந்த அடைப்பும் முடியும்வரை சங்கிலி குழாயில் தொங்கியது. இதற்கிடையில் இரண்டு வயல்காரர்கள் தங்கள் குழாய்களைப் பிடுங்கி வாய்க்கால் கரையில் போட்டிருந்தார்கள். காரணம் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. நான்காம் குழாயின் அதுவரையான பதிவை ஆய்விலிருந்து நீக்குவதாகவும், கருத்தரங்குச் சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதி அனுப்பினேன். மேடம் பதில் போடவில்லை.

அடைப்பின் ஆறாம் நாள் காலையில் நெடுமாறன் வயலில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றது. ஐந்து நாளில் நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. நாளுக்கு எட்டு மில்லிமீட்டர், மற்ற வயல்களைப் போலவே. கருவியை இழுத்துப் பதிவை எடுத்தேன். அத்தனை நாளும் வயலில் தண்ணீர் நின்றும் சூட்டுக் கோடு இருபத்தெட்டு டிகிரியில் நேராக ஓடியிருந்தது.

ஆய்வேடு நிற்குமா என்று இன்னும் தெரியவில்லை. மிஞ்சிய எல்லாக் குழாய்களிலும் இப்போது நான்காம் குழாய்க்குச் செய்ததையே செய்கிறேன். புதிதாகக் குழாய் இறக்கினால் கூழாங்கல் அடியில் ஆறடிக்கு மேல் இருக்கக் கூடாது. ஏற்கெனவே இறக்கியதென்றால், தரையிலிருந்து இரண்டடி ஆழத்துக்குக் குழாயைச் சுற்றித் தோண்டி, இருக்கிற கல்லை எடுத்துவிட்டு, குழைத்த களிமண்ணை நான்கு விரல் கனத்துக்குப் போட்டுப் போட்டு மிதிக்க வேண்டும். சுற்றிலும் வேலியோ வளையமோ வைக்கக் கூடாது. வயலுக்குச் சேறடிக்கும்போது குழாயின் அடிவரை வந்து சேறடிக்க வேண்டும்.